258 × 7 × 13: ஓர் அண்டி ஆபீஸ் கிராஜுவிட்டி வழக்கு

2022 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார் மாமி. உறவில் மாமி அல்ல, தெருவுக்கே மாமி. கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. அதற்குள் ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அட்டை, பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) சிலிப்புகள், ரப்பர் பேண்ட் போட்ட சம்பளச் சீட்டுக் கட்டு, வங்கிப் பாஸ்புக், ஓரம் கிழிந்த அரைத்தாள் ஒன்று.

“கிராஜுட்டின்னு இருபத்து மூவாயிரத்து ஐநூறு தந்தாவ மக்களே. ஒப்பு போடச் சொன்னாவ, போட்டேன். சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லு.”

அரைத்தாளில் பென்சில் கணக்கு: 258 × 7 × 13 = 23,478. மேலே 22 ரூபாய் போட்டு 23,500 ஆக்கியிருந்தார்கள். பெருக்கல் சரிதான். பெருக்கிய மூன்று எண்களும்தான் தப்பு. அடுத்த பதினாறு மாதம் சங்கத்துக்காரர்களான நாங்கள் தொழிலாளர் துறை அலுவலகத்தில் பேசியதெல்லாம் இந்த மூன்று எண்களைப் பற்றித்தான். ஆலை, ஊர், ஆள் எதையும் பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். மாமி கேட்டுக்கொண்டது அது.

கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு, கல்குளம் பக்கம் முந்திரி ஆலை என்று யாரும் சொல்வதில்லை, அண்டி ஆபீஸ்தான். 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூரோடு கிடந்த மண். கொல்லத்தில் பெருகிய தொழில் தெற்கே இறங்கியபோது தன் சொற்களையும் கூட்டிக்கொண்டு வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வரும் பச்சை அண்டியை வறுத்தோ ஆவியில் அவித்தோ எடுத்துப் போட்டால், தல்லுகிற பெண்கள் ஒவ்வொன்றாகத் தட்டி உடைப்பார்கள். தோட்டு எண்ணெய் விரலைப் பொள்ளவைக்கும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் வேலை. உடைத்த பருப்பு போர்மா என்கிற சூட்டறையில் காய்ந்து வரும். பிறகு பீலிங்: ஒட்டியிருக்கும் செந்தோலைப் பருப்பு உடையாமல் சுரண்டி எடுப்பது. கடைசியில் கிரேடிங்: 180, 240, 320 என்று, ஒரு ராத்தலுக்கு எத்தனை முழுப்பருப்பு நிற்கும் என்கிற கணக்கு.

மாமி பீலிங். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. முழுப்பருப்புக்கு ஒரு விலை, உடைந்ததற்கு அதைவிடத் தாழ்ந்த விலை. சனிக்கிழமை சம்பளம். எப்போது சேர்ந்தீர்கள் என்று கேட்டதற்கு, “கருணாநிதி திரும்ப ஜெயிச்சு வந்த வருஷம், பள்ளிக்கூடம் திறந்த மாசம்” என்றார். அதாவது 1996 ஜூன். 2022 மார்ச் 31-ல் 58 வயதில் நின்றார். இருபத்தைந்து வருடம் பத்து மாதம். ஆறு மாதத்துக்கு மேல் மிஞ்சினால் அதுவும் முழு வருடம் என்பது 1972-ம் ஆண்டு பணிக்கொடை (கிராஜுவிட்டி) சட்டத்தின் கணக்கு. ஆக 26.

மாமிக்குப் பொருந்திய அந்தச் சட்டம் சொன்னது சுருக்கமானது. ஐந்து வருடம் தொடர்ச்சியாக வேலை பார்த்தவருக்கு, அவர் ஓய்வு பெற்றாலும் தானாக விலகினாலும், ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம். நின்ற 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தொழிலாளி விண்ணப்பித்தாலும் விண்ணப்பிக்காவிட்டாலும் தொகையைக் கணக்கிட்டு ‘எல்’ படிவத்தில் எழுதித் தருவது முதலாளியின் கடமை. தர முடியாது என்றால் காரணத்தோடு ‘எம்’ படிவம். மாமிக்கு இரண்டும் வரவில்லை. வந்தது பென்சில் கணக்கு.

ஏழு

15 இருக்க வேண்டிய இடத்தில் 7 எப்படி வந்தது? சட்டத்திலேயே அந்த ஏழு இருக்கிறது. பருவகால நிறுவனத்தில், வருடம் முழுக்க வேலையில்லாமல் பருவத்துக்கு மட்டும் வந்து போகிறவருக்கு, ஒரு பருவத்துக்கு 7 நாள் சம்பளம் போதும். கன்னியாகுமரி மாவட்டத்தில் மாமரமும் கொல்லாமரமும் பங்குனி சித்திரையில்தான் காய்க்கும்; ஆகவே முந்திரி பருவகாலத் தொழில் என்று ஆலைத் தரப்பு வழக்கறிஞர் ஆரம்பித்தார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மாமி இருபத்தாறு வருடத்தில் நம்மூர்க் கொல்லாங்கொட்டையைத் தோல் உரித்த நாளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆலை ஓடுவது கப்பலை நம்பி. ஒரு நாட்டில் அறுவடை முடிந்தால் இன்னொரு நாட்டுச் சரக்கு வரும். குடோனில் மூட்டை இருக்கும்வரை பருவம் ஏது?

இதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால் அது எங்கள் வாய்வார்த்தையாகவே நின்றிருக்கும். இந்த 7 என்கிற எண்ணை உடைத்தது ஈஎஸ்ஐ. ஈஎஸ்ஐ சட்டத்தின் கீழ் பருவகாலத் தொழிற்சாலைகளுக்கு விலக்கு இருந்தது. எது பருவகாலம் என்று 2(19ஏ) பிரிவு பட்டியலே போட்டிருந்தது. பஞ்சு பிரித்தல், பஞ்சும் சணலும் பேல் கட்டுதல், நிலக்கடலை உடைத்தல், காபி, அவுரி, அரக்கு, ரப்பர், சர்க்கரை, தேயிலை. நிலக்கடலைத் தோடு உடைப்பது இருக்கிறது, முந்திரித் தோடு உடைப்பது இல்லை. இந்த ஆலையோ வருடக்கணக்காக மாதந்தவறாமல் ஈஎஸ்ஐ கட்டி வந்திருக்கிறது, பருவகாலம் என்று ஒருநாளும் விலக்குக் கேட்டதில்லை. ஒரு சட்டத்தின் விளக்கம் இன்னொரு சட்டத்தைக் கட்டுப்படுத்தாது என்று எதிர்த்தரப்பு சொன்னது நியாயமான பதில்தான். நாங்களும் கட்டுப்படுத்தும் என்று வாதிடவில்லை. வருடம் முழுக்க ஓடுகிற ஆலை என்று நீங்களே உங்கள் கையால் எழுதிக்கொடுத்து வந்த ஆவணம் இது என்று மட்டும் சொன்னோம். மனுவை விசாரித்த தொழிலாளர் துறை அதிகாரி எதிர்த்தரப்பைப் பார்த்து, எந்தெந்த மாதம் ஆலை மூடியிருந்தது என்று வருடவாரியாக எழுதித் தரச் சொன்னார். அடுத்த வாய்தாவுக்கு அது வரவில்லை. அதற்கடுத்த வாய்தாவுக்கும் வரவில்லை.

பதின்மூன்று

வழக்கில் பாதிக் காலத்தைத் தின்றது இந்த எண்தான்.

2009-ல் ஆலை கைமாறியது. அதே கொட்டகை, அதே போர்மா, அதே மேஸ்திரி, அதே பெண்கள். வாசல் போர்டில் பெயர் மட்டும் புதிது. பிஎஃப் எண்ணும் புதிது. “எங்களிடம் அவர் சேர்ந்தது 2009-ல்” என்பது ஆலையின் நிலை. அதனால் 13.

தொழில் தகராறு சட்டத்தின் 25 எஃப்எஃப் பிரிவு அப்போது இதற்கென்றே இருந்தது. நிறுவனம் கைமாறும்போது வேலை இடையறாமல் தொடர்ந்து, சலுகைகளும் குறையாமல் இருந்தால் கைமாற்றத்துக்காகத் தொழிலாளிக்குத் தனி இழப்பீடு இல்லை; அதற்குப் பதிலாகப் பழைய சேவைக் காலத்தையும் புது முதலாளி தலையில் ஏற்றுக்கொள்ள வேண்டும். நல்லது. ஆனால் இடையறாமல் தொடர்ந்தது என்று எதைக் காட்டி நிரூபிப்பது? பிஎஃப் கணக்கு 2009-ல் அறுந்து கிடக்கிறது. யூஏஎன் என்கிற ஒற்றை எண் 2014-ல்தான் வந்தது; அதற்கு முன்னால் நிறுவனம் மாறினால் எண்ணும் மாறும்.

ஜவுளிக்கடைப் பை இங்கேதான் கைகொடுத்தது. ஈஎஸ்ஐ காப்பீட்டு எண் ஒருவருக்கு ஒன்றுதான், முதலாளி மாறினாலும் அது மாறாது. மாமியின் பழைய அட்டையில் 1999 ஏப்ரல் பதிவு. புது முதலாளியும் அதே எண்ணிலேயே பணம் கட்டியிருந்தார். இணையத்தில் எடுத்த சந்தா விவரத்தில் மாதவாரியாக வேலை நாட்களும் கூலியும் இருந்தன. அதற்கு முந்தைய காலத்துக்கு மாமி பத்திரப்படுத்திய சம்பளச் சீட்டுகளும், சிக்குன்குனியா பரவிய 2006-ல் ஈஎஸ்ஐ டிஸ்பென்சரியில் வாங்கிய சீட்டும். மருந்துச் சீட்டை எதற்கு வைத்திருந்தீர்கள் என்றால், “கை மூட்டு வலி திரும்ப வந்தா அதே மாத்திரை வாங்கலாமேன்னுதான்” என்றார்.

தொடர்ச்சி நிரூபணமானதும் எதிர்த்தரப்பு கத்தியைத் திருப்பிப் பிடித்தது. சரி, 1999 முதல் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் பல வருடங்களில் இவர் 240 நாள் வேலை பார்க்கவில்லை, அந்த வருடங்கள் கணக்கில் வராது. ஆதாரமாக 1981-ல் உச்ச நீதிமன்றம் லட்சுமி விஷ்ணு மில் வழக்கில் சொன்ன தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு உண்மையிலேயே அப்படித்தான் சொன்னது: நிரந்தரத் தொழிலாளியானாலும் 240 நாள் உண்மையில் வேலை பார்க்காத வருடத்துக்குப் பணிக்கொடை இல்லை.

இதற்குப் பதில் சொல்லும் முன் என் பங்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இருபத்தோராவது வயதிலிருந்து நான்கு வருடம், வேறோர் அண்டி ஆபீசில் நான் கணக்கு எழுதினேன். மஸ்டர் ரோல், அதாவது வருகைப் பதிவேடு, என் கையில். அண்டி தீர்ந்துபோய் ஆலை நிற்கிற நாட்களில் பெண்களைக் காலையில் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த நாட்களுக்கு ‘ஆலை விடுமுறை’ என்றோ ‘லேஆஃப்’ (ஆலையே வேலை தர முடியாமல் நிறுத்திவைத்தது) என்றோ எழுத விடமாட்டார்கள்; எல்லோருக்கும் ஆப்சென்ட். நீல மையில் ‘ஏ’, ‘ஏ’, ‘ஏ’ என்று பக்கம் முழுக்கப் போட்டிருக்கிறேன். லேஆஃப் என்று எழுதினால் பாதிக் கூலி கொடுக்க வேண்டிவரும் என்பதுதான் காரணம் என்று அப்போது நினைத்தேன். அந்த ‘ஏ’ இருபது வருடம் கழித்து ஒருத்தியின் கிராஜுவிட்டியில் ஒரு வருடத்தைத் தின்னும் என்று தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் எழுதாமல் இருந்திருப்பேனா என்பதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

1981 தீர்ப்புக்குப் பதில் நாடாளுமன்றமே சொல்லிவிட்டது. 1984-ல் சட்டத்தைத் திருத்தி, 2ஏ என்ற பிரிவைப் புகுத்தி, 1981 பிப்ரவரி 11 முதலே செல்லும் என்று பின்தேதியிட்டார்கள். அதாவது அந்தத் தீர்ப்பின் விளைவை முளையிலேயே வெட்டினார்கள். இப்போது முதலில் பார்க்க வேண்டியது 240 நாள் அல்ல. நோய், விபத்து, விடுப்பு, லேஆஃப், வேலைநிறுத்தம், கதவடைப்பு, ‘தொழிலாளியின் தவறு எதுவும் இல்லாமல் வேலை நின்றுபோனது’ ஆகியவற்றால் இடைவெளி விழுந்தாலும் சேவை தொடர்ச்சியானதே. அனுமதியில்லாமல் வராமல் இருந்த நாள்கூட, ஆலையின் பணிவிதிகளான நிலையாணைப்படி அதைச் சேவை முறிவு என்று முறையாக உத்தரவு போட்டிருந்தால் ஒழிய, தொடர்ச்சியை அறுக்காது. இந்தக் கதவு வழியே நுழைய முடியாதவருக்குத்தான் 240 என்கிற இரண்டாவது கதவு. எதிர்த்தரப்பு நேராக இரண்டாவது கதவில் போய் நின்றுகொண்டு பூட்டைக் காட்டியது. இந்தத் தந்திரத்தை நான் வேறு வழக்குகளிலும் பார்த்திருக்கிறேன். நம் ஆட்களும் 240, 240 என்றே கேட்டுப் பழகி, முதல் கதவை மறந்துவிடுகிறார்கள்.

அண்டி வரவில்லை என்றால் அது மாமியின் தவறா? 2017 நவம்பர் 30-ல் ஒக்கி அடித்தது. ரப்பர் மரமும் வாழையும் கம்பிகளும் சேர்ந்து சாய்ந்து கிடந்த அந்த நாட்களில் கரண்ட் இல்லை, ரோட்டில் பஸ் இல்லை. ஆலையின் பதிவேட்டில் அந்த டிசம்பரின் பாதி நாட்கள் மாமிக்கு ஆப்சென்ட். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு. அந்த நாட்களும் ஆப்சென்ட். போலீஸ் தடுப்புப் போட்டு நிறுத்திய ரோட்டைத் தாண்டி மாமி பீலிங்குக்கு வந்திருக்க வேண்டும் போல. அதிகாரி அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். எதுவும் சொல்லவில்லை.

பதிவேடுகள் 2017 டிசம்பர் முதல்தான் வந்தன. முந்தையவை ஒக்கியில் நனைந்து போயின என்றார்கள். இருக்கலாம், நனையாத வீடு அந்த வருடம் எது? ஆனால் 2009 முதல் மஸ்டர் ரோலைக் கொண்டுவரச் சொல்லி நாங்கள் கொடுத்த மனு, அவர்கள் இப்படிச் சொல்வதற்கு முன்பே பதிவாகியிருந்தது. ஆர்.எம். எல்லட்டி வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம் நடைமுறையைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: வேலை பார்த்தேன் என்று நிரூபிக்கும் முதல் சுமை தொழிலாளிக்குத்தான், ஆனால் நியமனக் கடிதமோ ரசீதோ இல்லாத தினக்கூலி ஆள் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லி, முதலாளியிடம் உள்ள பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லத்தான் முடியும். மாமி சாட்சி சொன்னார். குறுக்கு விசாரணையில் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டார்கள், மூன்று முறையும் ஒரே பதில்: “ஆபீஸ் திறந்த நாளெல்லாம் நான் போனேன். திறக்காத நாளு எங்க போவ?”

முதலாளி தரப்பிலும் எல்லாம் பொய் அல்ல. வியட்நாம் மெஷின் போட்டு உடைக்கிற விலைக்கு நம்மூரில் கையால் உடைத்துத் தர முடியாது என்பதும், பச்சை அண்டி விலை ஏறுகிற வருடம் ஆலைகள் படுத்துவிடும் என்பதும் மாவட்டத்துக்கே தெரிந்த கதை. அதைக் காரணம் காட்டிக் காலக்கெடு கேட்டிருந்தால் மாமி சம்மதித்திருப்பார். அவர்கள் கேட்கவில்லை.

1996 முதல் 1999 வரையிலான மூன்று வருடக் கதை வேறு. அந்தக் காலத்தில் புதிதாக வருகிறவர்களை உடனே ரோலில் ஏற்றமாட்டார்கள். சீட்டு கிடையாது, அட்டை கிடையாது. சனிக்கிழமை கையில் பணம். கூட வேலை பார்த்த இரண்டு பேர் சாட்சி சொல்வதாக இருந்தது. ஒருவர் இன்னும் அதே ஆபீசில் இருக்கிறார், கடைசி நேரத்தில் வரவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. இன்னொருவர் வந்தார். எந்த வருடம் மாமி சேர்ந்தார் என்ற கேள்விக்கு, “என் ரெண்டாவது மோளுக்குப் புதுநன்மை குடுத்த வருஷம்” என்றார் (சர்ச்சில் முதல்முறை நற்கருணை வாங்குவது). அது எந்த வருடம் என்றதும் திணறினார். 1997 என்றார், பிறகு 1995 என்றார். கோயில் பதிவேட்டை வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது அன்றிரவு படுத்த பிறகுதான்.

258

கடைசி மூன்று மாதத்தில் (2022 ஜனவரி முதல் மார்ச் வரை) மாமி வாங்கிய மொத்தக் கூலி ரூ.20,130. ஓவர்டைம் இல்லை. துண்டுக் கூலி ஆளுக்கு, நிற்பதற்கு முந்தைய மூன்று மாத மொத்தக் கூலியின் சராசரியே தினச் சம்பளம் என்கிறது சட்டம். எதால் வகுப்பது என்று அது விரித்துச் சொல்லவில்லை. ஆலை 78-ஆல் வகுத்தது: மாதத்துக்கு 26 நாள், மூன்று மாதத்துக்கு 78. அதனால் 258.

26 என்கிற எண் எங்கிருந்து வருகிறது? மாதச் சம்பளக்காரருக்கு நான்கு ஞாயிறு கழித்து 26 நாள் என்று வகுத்து 15-ஆல் பெருக்க வேண்டும் என்பது சட்டத்தில் உள்ள விளக்கம். அது அவர்களுக்குச் சாதகமாக இருக்கட்டும் என்றுதான் வந்தது. 30-ஆல் வகுத்தால் அவர்களுக்குத்தான் குறையும். அதே 26-ஐ எடுத்துக் கிலோக்கூலி ஆள் தலையில் வைத்தால் எதிர்விளைவு. மாமி அந்த மூன்று மாதத்தில் வேலை பார்த்தது 61 நாள். மீதி நாள் அண்டி இல்லை. 61 நாள் வாங்கிய கூலியை 78-ஆல் வகுத்தால் கிடைப்பது தினச் சம்பளம் அல்ல. வேலை தராத 17 நாளின் நஷ்டத்தையும் மாமி மேலேயே ஏற்றிய ஒரு எண். 61-ஆல் வகுத்தால் சரியாக 330. அவர் ஒரு நாள் உட்கார்ந்தால் கையில் வருகிற கூலி அதுதான் என்று எந்த வாரச் சீட்டைப் பார்த்தாலும் தெரியும்.

வித்தியாசம் சின்னதாகத் தோன்றும். 78-ஆல் வகுத்தால் வருடத்துக்கு 15 நாள் என்பது சுமார் 3,871 ரூபாய். 61-ஆல் வகுத்தால் 4,950. இருபத்து மூன்று வருடத்துக்கு வித்தியாசம் ஏறக்குறைய 24,800. மாமிக்கு அவர்கள் மொத்தமாகக் கொடுத்ததைவிட அதிகம்! இந்த வகுத்தலைப் பற்றிச் சங்கத்திலேயே பலருக்கு அக்கறை இல்லை. போனஸ் 8.33-க்கு மேல் எத்தனை சதவீதம் என்று வாசலில் நின்று கோஷம் போடுகிற நாங்கள், சம்பளச் சீட்டில் வேலை நாள் எண்ணிக்கை எழுதுங்கள் என்று ஒரு கோரிக்கைகூட இதுவரை வைத்ததில்லை.

ஒப்பும் தாமதமும்

மாமி போட்ட கையெழுத்தை எதிர்த்தரப்பு பெரிய ஆயுதமாக எடுத்துவந்தது: ‘முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தப் பாத்தியமும் இல்லை’ என்று அச்சடித்த தாள். பணிக்கொடைச் சட்டத்தின் 14-ம் பிரிவு, இதற்கு முரணான எந்த ஒப்பந்தத்தையும் மீறி இந்தச் சட்டமே செல்லும் என்கிறது. கூடுதலாகத் தர ஒப்பந்தம் போடலாம், குறைத்துத் தரப் போட முடியாது. அந்தத் தாளுக்கு ரசீது என்கிற மதிப்பு மட்டும்தான், 23,500 கழிக்கப்பட்டது.

அதிகாரியிடம் ‘என்’ படிவத்தில் மனுச் செய்ய 90 நாள். நாங்கள் கொடுத்தது 2023 ஜனவரியில். தாமதம்தான். தக்க காரணம் இருந்தால் அதிகாரி மன்னிக்கலாம். ஆலை ‘எல்’ படிவமும் தரவில்லை, ‘எம்’ படிவமும் தரவில்லை, தன் உரிமை எவ்வளவு என்றே சொல்லப்படாதவர் எப்படிக் கெடுவுக்குள் வருவார் என்பது எங்கள் காரணம். இரண்டு பாரா மனு. மன்னிப்பு கிடைத்தது. இதற்குப் பயந்து வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

உத்தரவு

2024 பிப்ரவரியில் வந்தது. பருவகாலம் என்ற வாதம் தள்ளுபடி. கைமாற்றம் சேவையை முறிக்கவில்லை. ஒக்கி, ஊரடங்கு, அண்டி இல்லாத நாட்கள் தொழிலாளியின் தவறல்ல. தினச் சம்பளம் 330. ஆனால் சேவைக் காலம் 1999 ஏப்ரல் முதல்தான். அதற்கு முந்தையதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை.

330 × 15 × 23 = 1,13,850. கொடுத்த 23,500 போக 90,350. இதற்கு 10 சதவீதத் தனிவட்டி, வேலை நின்ற நாளிலிருந்து. மார்ச் கடைசியில் பணம் வந்தபோது இரண்டு வருட வட்டி 18,070. ஆகமொத்தம் 1,08,420.

இப்போது நிற்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. பணிக்கொடை இனி 2020-ம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் 53-ம் பிரிவில். 15 நாள், பருவகாலத்துக்கு 7 நாள், துண்டுக் கூலிக்கு மூன்று மாதச் சராசரி மூன்றும் அங்கேயும் இருக்கின்றன. குறிப்பிட்ட காலத்துக்கு என்று ஒப்பந்தம் போட்டு எடுக்கப்பட்டவருக்கு ஐந்து வருடம் காத்திருக்க வேண்டாம் என்பது புதிது. சம்பளம் என்ற சொல்லின் விளக்கமும் மாறியிருக்கிறது. மாமியின் உரிமை பிறந்தது 2022-ல், அதனால் அவருக்குப் பழைய சட்டம்.

பாஸ்புக்கில் பதிந்துகொண்டு நேராக வீட்டுக்கு வந்தார். நான் சொல்லச் சொல்ல எண்களைக் கேட்டுக்கொண்டிருந்தவர், “அந்த மூணு வருஷம்?” என்றார். 14,850 ரூபாய். மேல்முறையீட்டுக்கு 60 நாள் இருக்கிறது, ஆனால் நாம் போனால் அவர்களும் வருவார்கள் என்றேன். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். “வேண்டாம். வாய்தாவுக்கு நடந்து கால் நோவுது.”

அந்த மூன்று வருடத்துக்குச் சாட்சியாக ஒரு தாள் இருந்திருக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் முடிந்ததும் 30 நாளுக்குள், தான் இறந்தால் பணிக்கொடை யாருக்கு என்று தொழிலாளி ‘எஃப்’ படிவம் கொடுக்க வேண்டும். அதில் வேலைக்குச் சேர்ந்த தேதிக்கென்றே ஒரு வரி உண்டு. முதலாளி கையெழுத்துப் போட்டு ஒரு நகலைத் திருப்பித் தர வேண்டும். இருபத்தாறு வருடத்தில் மாமியிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. சங்கமும் கேட்கவில்லை.

சாட்சி சொல்ல வராத அந்த அக்கா, போன மாதம் ஒருநாள் இருட்டிய பிறகு வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை. ‘எஃப்’ படிவம் ஆறு ஜெராக்ஸ் வேண்டும், தனக்கொன்று, பெஞ்சில் கூட உட்காருகிற ஐந்து பேருக்கு ஐந்து என்றார். கொடுத்தேன். சேர்ந்த தேதியை எப்படி எழுதுவது என்று கேட்டார். அவருடைய முதல் சம்பளச் சீட்டு பழைய பைபிளுக்குள் இருக்கிறதாம்.